பறை – யோகநாதன்

கார்ஜ் லே கொனெஸ்
10 மார்ச் 2013

அன்புள்ள தம்பி யோகன்,

"சார், நீங்கல்லாம் முதமுதல்ல இங்க வந்தப்போ கையில என்ன கொண்டு வந்தீங்க?" என்று போன கிழமை ஒரு பிள்ளை என்னைக் கேட்டது. யாமினி என்று பெயர். சென்னைப் பிள்ளை, பரிஸ் நகரில் ஆராய்ச்சி படிக்கிறது. லா சப்பலில் நாங்கள் கூடிய கூட்டத்தில், ஊர்க்காரர் எல்லாம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டது.

என் பழக்கம் உமக்குத் தெரியும். உதாரணம் இல்லாமல் எனக்குப் பதில் வராது. ஒருவர் மிளகாய்த்தூளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து, விமான நிலையத்தில் அவரும் தும்மி, சோதித்த பொலிஸ்காரனும் தும்மிய கதையைச் சொன்னேன். திருநீற்றுப் பொட்டலத்தால் அரை நாள் உள்ளே இருந்தவரின் கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் உமது நினைவு வந்தது. நீர் ஒரு பையும் இல்லாமல் வந்தவர். ஆனால் எங்கள் எல்லோரையும்விடக் கூடக் கொண்டுவந்தவர் நீர்தான் என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன்.

கூட்டம் எதற்கென்று சொல்லவில்லையே. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் இங்கே முதலில் வந்து இறங்கியவர்களுக்காக ஒரு விழா எடுக்கிறோம். மார்க்ஸ் டோர்மோய் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் கிடைத்திருக்கிறது. ஜூன் பதினாறு, ஞாயிறு. ஒரு பக்கம் மேசை போட்டு, பனையோலைப் பெட்டி இழைப்பது, பூமாலை கட்டுவது, பாய் பின்னுவது எல்லாம் வந்தவர்கள் செய்து பார்க்கலாம். மேடையில் கும்மி, கோலாட்டம், கூத்து. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடையில் முன்னோடிகளில் ஒருவரைக் கூப்பிட்டு மரியாதை செய்வது.

நான் யாரைக் கூப்பிடுவேன் என்று உமக்குத் தெரியும்.

எண்பத்தைந்து மாசி. லா சப்பலில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்த அந்த ஐந்தாம் மாடி அறை. அம்மா செத்து, எரித்து, எட்டாம் நாள் செலவுச் சடங்கும் முடிந்த பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராத நேரம், போக வழியில்லை. எனக்கு அழுகை வரவில்லை. வந்து தோளைத் தொட்டவர்களுக்கு நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நீர் வேலை செய்த ரெஸ்ரோறன்ரில் இருந்து கொண்டுவந்த வெறும் ஒலிவ் எண்ணெய்த் தகரத்தை மடியில் வைத்து, உடைந்த கதிரையின் கம்பை எடுத்து, சாப்பறை அடித்தீர். ஊரில் எங்கள் ஒழுங்கையால் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போவது போலவே இருந்தது. அப்போதுதான் அழுதேன். அன்று நீர் அடித்திராவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

இதை எல்லோர் முன்னாலும் சொல்லி உமக்கு நன்றி சொல்லவேண்டும். யாமினியிடம் தோற்பறை இருக்கிறது. "பறை நம்ம ஆதி மேளம் சார், அவர் வந்தா செமயா இருக்கும்" என்று குதிக்கிறாள். அறிவித்தலில் 'பறை – யோகநாதன், நாந்த்' என்று போடச் சொல்லிவிட்டேன். இந்தக் கிழமை அச்சுக்குப் போகிறது.

தொலைபேசியில் கூப்பிட்டிருப்பேன். காதுக்கு இயந்திரம் வைத்ததிலிருந்து தொலைபேசி எனக்கு இரைச்சல்தான். எழுதும். புனிதவதி உமக்கும் மனைவிக்கும் அன்பு சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
குலசேகரம்


நாந்த்
2 ஏப்ரல் 2013

மாஸ்டருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுத நாளாகிவிட்டது. அதற்குள் உங்கள் அறிவித்தலும் கிடைத்துவிட்டது. தபாலில் அல்ல, என் மகளின் தொலைபேசி வழியாக.

சாம்பவியை நீங்கள் சின்னப் பிள்ளையாகப் பார்த்திருப்பீர்கள். இப்போது பரிஸில் வேலை செய்கிறாள். கரிகாலன் என்ற பெடியனை விரும்புகிறாள். நல்ல பெடியன். இரண்டு வீட்டாரும் பேசி, ஆவணியில் கலியாண எழுத்து என்று வைத்திருக்கிறோம். பெடியனின் தகப்பன் லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். உங்கள் அறிவித்தல் அவருடைய கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. பெடியன் அதைப் படம் எடுத்துச் சாம்பவிக்கு அனுப்பியிருக்கிறான்.

அவள் எனக்குத் தொலைபேசி எடுத்து, "அப்பா, நீங்கள் மேளம் அடிப்பீங்களோ? ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டாள். சந்தோசமாகத்தான் கேட்டாள்.

"அது வேறை யோகநாதன், பிள்ளை" என்று சொன்னேன்.

மாஸ்டர், நீங்கள் படிப்பித்த மனிதர். ஒரு பெயருக்கு முன்னால் பறை என்று போட்டால் எங்கள் ஆட்கள் அதை எப்படி வாசிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? அந்தச் சென்னைப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர்கள் அதைக் கழுத்தில் மாட்டி ஆடுகிறார்கள், நல்லது. எங்கள் பக்கத்தில் அது வாத்தியத்தின் பெயர் இல்லை, சாதியின் பெயர். செத்தவீட்டுக்குக் கூப்பிட்டு, படலைக்கு வெளியே நிற்கவைத்து அடிக்கச் சொன்ன ஆட்களின் பெயர். நான் அந்த ஆள். இது இங்கே நாந்தில் என் மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அழுதீர்கள். நீங்கள் அழுததை நான் பார்க்கவில்லை. மற்றவர்களைத்தான் பார்த்தேன். ஒருவர் கண்ணால் மற்றவருக்கு என்னைக் காட்டினார். அடுத்த நாள் சமையல் என் முறை. புட்டு அவித்து, கத்தரிக்காய்க் கறி வைத்தேன். நீங்கள் சாப்பிட்டீர்கள். மற்றவர்களுக்கு வயிறு சரியில்லையாம். எல்லோருக்கும் ஒரே நாளில். அதன்பிறகு என் முறை வந்தபோதெல்லாம் யாரோ எனக்கு முன்னால் எழும்பிச் சமைத்துவிட்டார்கள். "நீ களைச்சுப் போய் வந்திருப்பாய், படு" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். நான் நல்ல வேலை கிடைத்து நாந்துக்கு வந்ததாகத்தான் நீங்கள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அன்று தகரத்தை எடுத்தபோது இதெல்லாம் வரும் என்று தெரிந்துதான் எடுத்தேன். உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால் எடுத்தேன். அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்படவில்லை. ஆனால் அதை உங்களுக்குத்தான் கொடுத்தேன். லா சப்பலுக்குக் கொடுக்கவில்லை.

என் பெயரை எடுத்துவிடுங்கள். நன்றி வேண்டாம்.

யோகநாதன்


கார்ஜ் லே கொனெஸ்
14 ஏப்ரல் 2013

அன்புள்ள யோகன்,

மன்னியுங்கள் என்று எழுதினால் அதற்கும் நீங்கள் ஒரு பதில் எழுதவேண்டி வரும். அந்தச் சுமையையும் உங்கள் தலையில் வைக்க விரும்பவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுப் புனிதவதியிடம் கொடுத்தேன். அவள் வாசித்து முடித்து, கத்தரிக்கோலை எடுத்து வெள்ளைத் தாளைத் துண்டு துண்டாக வெட்டத் தொடங்கினாள். அடுத்த நாள் காலையில் இருவரும் பசையோடு ரயில் ஏறினோம். லா சப்பலில் எந்தெந்தக் கடையில் அறிவித்தல் இருக்கிறதென்று யாமினிக்குத்தான் தெரியும், ஆகவே அவளையும் வரச்சொன்னேன். உங்கள் விஷயத்தை அவளுக்குச் சொல்லவில்லை. அவர் பெயரைப் போட வேண்டாம் என்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

"ஏன் சார்? பெருமையான விஷயம்தானே? ஏன் மறைக்கணும்?" என்று வழியெல்லாம் சண்டை.

நான் அவளுக்கு ஓர் உதாரணம் சொன்னேன். வகுப்பில் ஒரு பிள்ளை நூற்றுக்கு நூறு எடுக்கிறது. வாத்தியார் பூரித்துப்போய் அதை உரக்க வாசிக்கிறார். இடைவேளையில் அந்தப் பிள்ளைக்கு அடி விழுகிறது. புள்ளி பெருமையானதுதான். ஆனால் அடி வாங்குவது வாத்தியார் இல்லை. அவள் என் கையிலிருந்த பசையை வாங்கிக்கொண்டாள்.

ஒவ்வொரு கடையாக ஒட்டிக்கொண்டு கடைசியில் கரிகாலனின் தகப்பன் கடைக்கு வந்தோம். அவர் வெளியே நின்று முருங்கைக்காய்க் கட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், என்ரை கண்ணாடிக்குப் பிளாஸ்டர் போடுறியளோ?"

"ஒரு பேர் பிழையாப் போட்டினம். திருத்திறம்."

"நானும் யோசிச்சனான். எங்கடை சம்பந்தியாகப் போறவற்றை பேரும் உதுதான். நாந்த் எண்டும் கிடக்கு. பெடியனைக் கேட்டன், அது வேறை ஆளாம் எண்டான்."

"அது பிழை" என்றேன்.

"அப்ப பறை ஆர் அடிக்கிறது?"

யாமினி என்னைப் பார்த்தாள். புனிதவதியும் பார்த்தாள். நான் இதை முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது.

"நான்."

அவர் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டார். "பகிடி விடாதேங்கோ மாஸ்டர். நீங்கள் ஆர், உங்கடை ஆக்கள் ஆர்!"

"அடிக்கிற ஆள் நான்தான். பேரை எழுதித் தாறன். ஒட்டுங்கோ."

திரும்பி வரும் வழியில், ஒட்டியிருந்த எல்லாத் துண்டுகளிலும் பேனாவால் 'குலசேகரம்' என்று எழுதிக்கொண்டே வந்தோம். ரயிலில் புனிதவதி வாய் திறந்தாள். "நீங்கள் பறை அடிக்கிறதிலை எனக்கு ஒண்டுமில்லை. தேவாரத்துக்கே தாளம் பிழைக்கிற மனிசன், அதை நினைக்கத்தான் பயமாக் கிடக்கு."

இப்போது யாமினி எனக்குத் தலையணையில் அடிக்கப் பழக்குகிறாள். தோற்பறையைத் தொட இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

அந்தப் புட்டை நான் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நினைவில்லை. மற்றவர்கள் சாப்பிடாததும் என் கண்ணில் படவில்லை. நீங்கள் கொடுத்தது ஒரு மத்தியானம் என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவு பெரியதென்று இப்போதுதான் எனக்குத் தெரியவந்திருக்கிறது.

குலசேகரம்


நாந்த்
12 மே 2013

மாஸ்டருக்கு,

முதலில் ஒன்று. என்னை 'நீங்கள்' என்று எழுதாதீர்கள். வாசிக்கும்போது யாரோ முகாமையாளர் எழுதியது போல இருக்கிறது.

நீங்கள் பறை அடிக்கப்போகிறீர்கள் என்று வாசித்தபோது வேலைத்தலத்தில் நின்றேன். நான் முதியோர் இல்லத்தில் சமையல் செய்கிறவன். ஐம்பது பேருக்கு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உதவிக்கு நிற்கும் பெண் என்ன என்று கேட்டாள். என் பழைய சிநேகிதர் ஒருவர் இசைக் கலைஞர் ஆகிவிட்டார் என்றேன். மாஸ்டர், அறையில் நீங்கள் பாட்டுக்குத் தொடையில் தட்டும்போது நாங்கள் எல்லோரும் மற்றப் பக்கம் திரும்பிப் படுப்போம்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என் பெயர் இருந்த இடத்தில் உங்கள் பெயரை வைத்திருக்கிறீர்கள். என் பெயரை எப்படி வாசித்திருப்பார்களோ அப்படித்தான் உங்களுடையதையும் வாசிப்பார்கள். நான் அதைக் கேட்கவில்லை. நீங்களும் கேட்டுவிட்டுச் செய்யவில்லை. ஆனால் இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை.

இயேசுவின் விண்ணேற்றத் திருநாள் விடுமுறைக்குச் சாம்பவி வந்திருந்தாள். மேசையில் இருந்து போஞ்சிக்காய் முறித்துக்கொண்டிருந்தோம். அவள் பகிடியாகத்தான் தொடங்கினாள்.

"என்னப்பா, அந்த மற்ற யோகநாதனைக் கண்டுபிடிச்சீங்களோ?"

"கண்டுபிடிச்சன். அது நான்தான், பிள்ளை."

எல்லாவற்றையும் சொன்னேன். ஊரில் என் அப்பா யார், என்ன வேலை, எங்கே நின்றார் என்பதெல்லாம். தகரத்தின் கதையையும் சொன்னேன். அவள் போஞ்சிக்காயை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், அவ்வளவுதானா என்று பிரெஞ்சில் கேட்டாள். இங்கே பிறந்த பிள்ளைக்கு அது அவ்வளவுதான் என்று எனக்கு ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. பிறகு தமிழுக்கு மாறினாள்.

"ஊராக்கள் ஆரும் வீட்டை வந்தா நீங்களும் அம்மாவும் ஏன் மெதுவாக் கதைச்சனீங்கள் எண்டு இப்பதான் விளங்குது. நான் சின்னனிலை, நாங்கள் ஏதோ களவெடுத்தனாங்கள் எண்டு நினைச்சிருந்தனான்."

அதற்குப் பிறகு இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம்.

போகும்போது வாசலில் நின்று, "கரிகாலனுக்குச் சொல்லலாமோ? நீங்கள் வேண்டாம் எண்டா சொல்லமாட்டன்" என்று கேட்டாள். என்னிடம் இதை ஒருவர் கேட்டது வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை. சொல்லு என்றேன்.

பெடியன் தனக்கு ஒன்றுமில்லை என்றானாம். ஆனால் தகப்பனுக்கு மறைத்துக் கலியாணம் கட்டமாட்டேன் என்று அவரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறான். அவர் மிளகாய்த்தூள் நிறுத்துக்கொண்டே கேட்டிருக்கிறார். "சரி போ, ஆக்கள் நிக்கினம்" என்றாராம். அவ்வளவுதான். இன்றுவரை வேறு பேச்சில்லை. எழுத்து நடக்குமோ தெரியாது. சாம்பவி தொலைபேசியில் நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் அவள் நன்றாகப் பேசும்போதுதான் எனக்குப் பயம்.

நான் விழாவுக்கு வரமாட்டேன். அந்த மனிதர் அங்கே இருப்பார். அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று சபை நடுவே இருந்து கண்டுபிடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒன்று மட்டும். தோற்பறை என்றால் அடிக்க முன் சூடு காட்டவேண்டும். குளிருக்குத் தோல் தளர்ந்து சத்தம் செத்துப்போகும். ஊரில் வைக்கோல் கொளுத்துவோம். மண்டபத்துக்குள் அதைச் செய்துவிடாதீர்கள், தீயணைப்புப் படை வந்துவிடும்.

யோகன்


கார்ஜ் லே கொனெஸ்
18 ஜூன் 2013

அன்புள்ள தம்பி யோகன்,

விழா முடிந்தது. தீயணைப்புப் படை வரவில்லை. யாமினி தலைமுடி காயவைக்கும் இயந்திரத்தால் பறைக்குச் சூடு காட்டினாள். கோலாட்டத்துக்கு வந்த பெண் பிள்ளைகள், அந்த இயந்திரத்தை எங்களுக்கு எப்போது தருவீர்கள் என்று சுற்றி நின்றார்கள்.

உமக்கு முழுக்கச் சொல்லவேண்டும். மண்டபம் நிறைந்துவிட்டது. சார்செலில் இருந்தும் இங்கிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஓலை மேசையில் புனிதவதி. சுசான் என்று ஒரு பிரெஞ்சு அம்மா காலையில் வந்து உட்கார்ந்தவர், பின்னேரம்வரை எழும்பவில்லை. அவர் இழைத்த பெட்டி ஒரு பக்கம் சரிந்து நின்றது. புனிதவதி திருத்தித் தருகிறேன் என்று கையை நீட்ட, கொடுக்கமாட்டேன் என்று மார்போடு அணைத்துக்கொண்டார். மாலை மேசையில் மல்லிகை முடிந்து, கார்னேஷன் பூவில் கட்டினார்கள். கோலாட்டப் பிள்ளைகள் மேடையில் தமிழுக்கு ஆடிவிட்டு, திரைக்குப் பின்னால் யார் யாருடைய விரலில் அடித்ததென்று பிரெஞ்சில் சண்டை பிடித்தார்கள். கூத்து ஆடியவருக்கு நடுவில் மூச்சு வாங்கியது. சபையில் இருந்தவர்கள் அவருக்காகப் பாட்டைத் தொடர்ந்து பாடி, அவர் இளைப்பாறிய பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு அன்று மிகவும் பிடித்தது அதுதான்.

என் முறை வந்தது. இப்படித்தான் சொன்னேன்: "என் தாய் இறந்த செய்தி வந்தபோது, இந்தத் தெருவில் ஒருவர் எனக்காக வெறும் தகரத்தில் பறை அடித்தார். அதற்கு அவர் பெரிய விலை கொடுத்தார். அவருடைய பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இன்று நான் அடிக்கிறேன். பிழைகள் எல்லாம் என்னுடையவை."

அடித்தேன். யாமினியோடு பறை அடிக்கிற பிள்ளைகள் பக்கத்தில் நின்று தாங்கிப்பிடித்தும் எனக்குத் தாளம் இரண்டு இடத்தில் ஓடிவிட்டது.

முன்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். "நல்ல நாளிலை சாப்பறையோ?" என்றார் ஒருவர். என்னோடு சேர்ந்து தேவாரம் பாடுகிற ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "மாஸ்டரின்ரை தாய்வழியிலை ஏதும் கலப்பிருக்கோ தெரியேல்லை" என்றார். காது இயந்திரம் இப்படியான வேளைகளில்தான் ஒழுங்காக வேலை செய்கிறது. அந்தச் சொல் முதுகில் விழும்போது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரிந்தது. கொஞ்சம்தான் யோகன். எனக்கு அது ஒரு பின்னேரம். ரயிலில் ஏறியதும் நான் பழையபடி மாஸ்டர். உமக்கு இறங்கும் நிலையமே இருக்கவில்லை.

கரிகாலனின் தகப்பன் கடைசிவரை இருந்தார். பறையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தார்.

"மாஸ்டர், உங்களுக்குத் தாளம் வராது."

"ஓம்."

"தாளம் தெரிஞ்ச ஆள் ஆரெண்டு பெடியன் எனக்குச் சொல்லிப்போட்டான்."

நான் பையின் வாரை இழுத்துக் கட்டினேன்.

"நீங்கள் ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"அது நான் சொல்லுற விஷயமில்லை."

அவர் கதிரைகளை அடுக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"என்ரை அப்பா தொண்ணூறிலை செத்தவர்" என்றார். "எனக்கும் போக ஏலேல்லை. அண்டைக்குக் கடையும் பூட்டேல்லை. அரிசி நிறுத்துக் குடுத்துக்கொண்டு நிண்டனான். எனக்கு ஒருத்தரும் அடிக்கேல்லை, மாஸ்டர்."

அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கலியாணத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று மரக்கறி வாங்க லா சப்பலுக்குப் போனேன். மற்றக் கடைகளில் எல்லாம் விழா அறிவித்தலை எடுத்துவிட்டார்கள். அவர் எடுக்கவில்லை. அதில் நான் ஒட்டிய துண்டைத்தான் எடுத்திருக்கிறார். சுரண்டி, தண்ணீர் போட்டுத் துடைத்ததில், 'பறை – யோகநாதன், நாந்த்' என்று தெளிவாகத் தெரிகிறது. உள்ளே போனேன்.

"யோகனைக் கேட்டோ செய்தனீங்கள்?" என்றேன்.

அவர் முகம் மாறியது. "கேக்கேல்லை. பிழையோ?" என்றார். பிறகு, "நீங்கள் கேட்டுச் சொல்லுங்கோ. அவர் வேண்டாமெண்டா இப்பவே எடுக்கிறன்" என்றார்.

ஆகவே கேட்கிறேன். அது இருக்கட்டுமா, எடுக்கட்டுமா? இரண்டில் எதுவென்றாலும் சரி. பதில் சொல்ல விருப்பமில்லை என்றாலும் சரி, நானே எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
குலசேகரம்


நாந்த்
6 ஜூலை 2013

மாஸ்டருக்கு,

நான் பதில் எழுதாததால் பயந்திருப்பீர்கள். நேரே போய்விட்டேன்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. லீவு எடுத்து, ரயிலேறி, மொம்பர்னாஸில் இறங்கி, லா சப்பலுக்குப் போனேன். அந்தத் தெருவில் நான் நடந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. கடைக்கு எதிர்ப்பக்கம் நின்று கண்ணாடியைப் பார்த்தேன். என் பெயரை ஒரு கடையில் எல்லோரும் பார்க்கும்படி பார்ப்பது இதுதான் முதல். ஆட்கள் அதைக் கடந்து போய் வாழைக்காய் வாங்கினார்கள். ஒருவரும் நின்று வாசிக்கவில்லை. இதற்கா இவ்வளவு காலம் பயந்தேன் என்று சிரிப்பும் வந்தது, பயமும் போகவில்லை.

கரிகாலனின் தகப்பன் என்னைக் கண்டுவிட்டார். கடையைவிட்டு வெளியே வந்து, வீதிக்கு இந்தப் பக்கம் வந்து, குடையை என் தலைக்கு மேல் பிடித்தார்.

"சம்பந்தி, மழையிலை நிக்கிறியள். உள்ளை வாங்கோ."

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் மேசை. மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாதியை எனக்குப் போட்டார். மீதியைத் தான் எடுத்தார். கறி உறைப்புக் கூட. ஒரே பெட்டியில் இருந்து இருவரும் சாப்பிட்டோம். அவர் அதை யோசித்துச் செய்தாரா, பசிக்குச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

சாப்பிட்டு முடிய, "ஒண்டு கேக்கலாமோ?" என்றார். கேளுங்கள் என்றேன். தன் அப்பாவுக்காக ஒருநாள் அடிப்பீர்களா, உங்களுக்கு விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்றார். கை கழுவிவிட்டு வந்து, மேசையில் கிடந்த வெறும் தேயிலைத் தகரத்தை எடுத்து, கரண்டியால் அடித்தேன். மெதுவாகத்தான். வெளியே ஆட்கள் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கரிகாலன் கல்லாவில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். அவர் அழுதார். நான் இந்த முறை அழுகிறவரைப் பார்த்துக்கொண்டே அடித்தேன்.

பெயர் இருக்கட்டும் மாஸ்டர். வெயிலில் மங்கும்வரை இருக்கட்டும்.

எழுத்து ஆவணியில்தான். கலியாணத்துக்கு என்ன மேளம் என்று பேச்சு வந்தது. பறை மட்டும் வேண்டாம், கலியாணம் எல்லோ என்று நானே சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். நீங்களும் புனிதவதி அக்காவும் முதல் நாளே வந்துவிடவேண்டும். நீங்கள் தாளம் ஒன்றும் போடக்கூடாது.

இப்போது எனக்கு ஓர் உதவி வேண்டும். நாங்கள் இருந்த கட்டடத்தின் காவற்பெண் மரி-லூயிஸை நினைவிருக்கிறதா? நான் அடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு ஆட்கள் சத்தத்துக்குச் சண்டைக்கு வந்தார்களாம். அவர் படிக்கட்டில் குறுக்கே நின்று, மேலே ஒருவருக்குத் துக்கம், முடியும்வரை ஒருவரும் ஏறக்கூடாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். நான் அறையைவிட்டுப் போன நாளில்தான் அதைச் சொன்னார். நான் ரயிலுக்குப் பிந்திவிடும் என்று நன்றிகூடச் சொல்லாமல் ஓடிவிட்டேன். இப்போது அவர் சார்செலில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார் என்று கடையில் சொன்னார்கள். எழுத்துக்கு முன் போய்ப் பார்க்க விரும்புகிறேன். என்ன கொண்டுபோவது? பொன்னாடை போர்த்தலாமா? பட்டுச் சேலை ஒன்று? இல்லாவிட்டால் அடுத்த விழாவில் மேடையில் ஏற்றலாமா? நன்றி சொல்வதில் எங்களுக்குள் நீங்கள்தானே அனுபவசாலி.

யோகன்


கார்ஜ் லே கொனெஸ்
13 ஜூலை 2013

அன்புள்ள தம்பி யோகன்,

உமது கடிதத்தைப் புனிதவதி உரக்க வாசித்தாள். அரிசி மூட்டை வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மீதியை நான் வாசித்தேன்.

இவ்வளவு காலமும் நான் உமக்குக் கடன்பட்டவன் என்று நினைத்து, அதைத் தீர்க்கத்தான் துடித்துக்கொண்டிருந்தேன். இப்போது தீர்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. கடன்பட்டவனாகவே இருப்பது சுகமாக இருக்கிறது.

மரி-லூயிஸுக்கு என்ன கொண்டுபோவது என்று கேட்டீர். ஓர் உதாரணம் சொல்கிறேன். இங்கே கணக்கு வகுப்பு எடுப்பதிலிருந்து ஓய்வுபெற்ற நாளில் என் மாணவர்கள் சேர்ந்து எனக்கு ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் தந்தார்கள். ஐந்து நிமிடம் பிந்தி வந்த பிள்ளைகளை வாசலில் நிற்கவைத்த வாத்தியாருக்கு அது பொருத்தம் என்று நினைத்திருக்கிறார்கள். நான் அன்று விரும்பியது என்னவென்றால், அவர்களில் ஒருவராவது என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கற்பித்த ஒரு கணக்கை இன்னும் செய்யத் தெரியும் என்று செய்து காட்டுவதைத்தான். ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கடிகாரம் நன்றாக ஓடுகிறது.

அந்த அம்மாவுக்குப் பொன்னாடை பிடிக்குமா, மேடை பிடிக்குமா, ஒரு சட்டி புட்டுப் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. உமக்கும் தெரியாது. தெரிந்தவர் சார்செலில் இருக்கிறார். விடுமுறைக்கு முந்திய கடைசிச் சனிக்கிழமை, நான் இப்போதும் எடுக்கும் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுத்த வீட்டுவேலையையே உமக்கும் தருகிறேன், செய்து பாரும்: யாருக்கு நன்றி சொல்ல நினைக்கிறீரோ அவரிடம் வெறுங்கையோடு போய், "நான் இதை எப்படிச் சொன்னால் உங்களுக்கு நல்லாயிருக்கும்?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இரும்.

அன்புடன்,
குலசேகரம்